ஆலையில் நாற்பது சதவீதம், மாவட்டத்தில் ஐந்து சதவீதம்: கொழும்பில் ஒரு தொழிற்சங்கக்காரர் பாராளுமன்ற ஆசனம் தேடும்போது

பொதுத் தேர்தல் ஒவ்வொன்றும் முடிந்த பிறகு கொழும்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. வேலைநிறுத்தம் அறிவித்தால் துறைமுகத்தையோ ரயில் நிலையத்தையோ நிறுத்திவிடக்கூடிய ஒரு சங்கத்தின் தலைவர், வேட்பாளராக நிற்கும்போது மட்டும் ஏன் கணக்கிலேயே வராமல் போகிறார்? 2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு இதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. தொழிற்சங்க மேடைகளில் நீண்ட காலம் பேசிவந்த கே. டி. லால்காந்த, வசந்த சமரசிங்க, மஹிந்த ஜயசிங்க போன்றோர் கண்டி, அநுராதபுரம், கம்பஹா மாவட்டங்களிலிருந்து தெரிவாகி அமைச்சர்களாகவும் பிரதி அமைச்சராகவும் ஆகியிருக்கும்போது, சங்கங்கள் இன்னும் வீதிக்கு இறங்குவது எதற்காக?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நமது தேர்தல் சட்டம் ஒருவர் எங்கே வேலை செய்கிறார் என்று பார்ப்பதில்லை. அவர் எங்கே வசிக்கிறார், எந்தப் பட்டியலுக்குப் புள்ளடி இடுகிறார் என்பவற்றை மட்டுமே பார்க்கிறது. ஆகவே வேலைத்தலத்தில் திரண்ட பலம் வாக்குச் சாவடிக்குப் போகும் வழியிலேயே சிதறிவிடுகிறது. அதை ஒரு பெரிய கட்சியின் பட்டியலில் ஏற்றிக் காப்பாற்றினால், அதற்கான விலை பின்னர் பாராளுமன்றத்துக்குள் செலுத்தப்படுகிறது.

சங்கத்துக்கு ஆசனம் எதற்கு?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொழிலாளிக்குத் தேவையானவற்றை முதலாளியிடம் பேசியே பெற்றுக்கொள்ள முடியுமானால், பாராளுமன்ற ஆசனம் வெறும் கௌரவமாகத்தான் இருக்கும். உண்மை நிலை அதுவல்ல.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, தான் யாருக்காகப் பேசுகிறதோ அந்த ஊழியரில் 40 சதவீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பது முதலாளியின் நியாயமற்ற தொழில் நடவடிக்கை ஆகும். சம்பள உயர்வு, மேலதிக நேரக் கொடுப்பனவு, கூட்டு ஒப்பந்தம் ஆகியவை இந்த மேசையில் தீர்பவை.

மேசைக்கு அப்பால் இருப்பவற்றைக் காண ஒரு சம்பளச் சிட்டையை எடுத்துப் பார்த்தால் போதும். கழிவுகள் என்ற பகுதியில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். முதலாளி 12 சதவீதம் சேர்க்கிறார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம் செலுத்துகிறார். இந்த விகிதங்கள் 1958, 1980ஆம் ஆண்டுகளின் சட்டங்களின் கீழ் தீர்மானிக்கப்பட்டவை. எந்த முதலாளியுடனும் எந்தச் சங்கமும் பேசி அந்த நிதியின் வட்டியை நிர்ணயிக்க முடியாது. 2023 ஜூலை 1ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் தீர்மானம் பாராளுமன்றத்தில் ஆதரவாக 122, எதிராக 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. சேமலாப நிதி தன்னிடமிருந்த திறைசேரி முறிகளை (அரச கடன் பத்திரங்களை), 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் அவ்வருமானத்தின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும். வங்கிகள் இந்த மாற்றத்திலிருந்து விலக்கப்பட்டன. தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பு விலக்கப்படவில்லை. பணத்துக்குச் சொந்தக்காரரின் சங்கங்கள் கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன் கோஷமிடலாமே தவிர, அந்தச் சனிக்கிழமை வாக்களித்திருக்க முடியாது.

தேசிய குறைந்தபட்ச வேதனமும் அத்தகையதே. அது 2016இல் 10,000 ரூபாவாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. அதை உயர்த்தவும் சட்டமே வேண்டும். 1979ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியானால் வேலைநிறுத்தமே குற்றமாகிவிடுகிறது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஏறக்குறைய 40,000 பேர் வேலை இழந்தார்கள். அதை வழிநடத்திய சங்கங்கள் பல தமது பழைய பலத்துக்கு மீளவே இல்லை. சங்கத்தின் உயிரும் சாவும் தீர்மானிக்கப்படும் இடம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையிலுள்ள பாராளுமன்றமாக இருக்கும்போது, அங்கே ஓர் ஆசனம் வேண்டும் என்ற விருப்பம் பதவி ஆசை மட்டுமல்ல.

ஒரு காலத்தில் இந்தக் கதவு திறந்திருந்தது

கொழும்பில் தொழிற்சங்கத்திலிருந்து சட்டம் ஆக்கும் சபைக்குச் சென்ற பாதை புதியதன்று. 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, 1923 பொது வேலைநிறுத்தத்தையும் 1929 டிராம் வண்டித் தொழிலாளர் போராட்டத்தையும் நடத்திய ஏ. ஈ. குணசிங்க, 1931இல் மத்திய கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். (அதே குணசிங்கதான் பின்னர் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; சங்கக்காரர் என்பதாலேயே ஒருவர் எல்லாத் தொழிலாளருக்கும் உரியவராகிவிடுவதில்லை.)

1947இல் மத்திய கொழும்பு மூன்று உறுப்பினரைத் தெரிவு செய்யும் தொகுதியாக இருந்தது. குணசிங்க, ரி. பி. ஜாயா, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் ஆகிய மூவரும் அங்கிருந்து சென்றனர். பல அங்கத்தவர் தொகுதியின் தன்மையைக் கவனிக்க வேண்டும். வாக்காளருக்குத் தெரிவு செய்யப்பட வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கைக்குச் சமமான வாக்குகள் இருந்தன. அவற்றை ஒரே ஆளுக்கே இட்டுவிடவும் முடிந்தது. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புதுக்கடை, மாளிகாவத்தைப் பகுதிகளில் தொழிலிடமும் குடியிருப்பும் கூப்பிடு தூரத்தில் இருந்த காலம் அது. நெருக்கமாக வாழ்ந்த ஒரு தொழிலாளர் கூட்டம் முதலிடத்தை எதிர்பார்க்கத் தேவையில்லை. மூன்றாமிடம் கிடைத்தாலே போதும்.

மலையகத்தில் நடந்தது வேறு. 1947இல் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் ஏனைய தோட்டத் தொகுதிகளிலிருந்து, தோட்டத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்த இலங்கை இந்தியக் காங்கிரஸின் மற்றவர்களும் தெரிவாகினர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் என்று வரையறுத்த தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. 1952 தேர்தலில் அந்த அணியிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கங்களில் ஒன்று, அதன் உறுப்பினர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லாததால், ஒரே தேர்தலில் அரசியலில் சுழியம் ஆக்கப்பட்டது. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் தெரிவானது 1977இல். நுவரெலியா–மஸ்கெலியா என்ற மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாம் உறுப்பினராக. மூன்றாமிடத்தின் மதிப்பு அங்கேயும் தெரிந்தது.

எல்லோரும் இந்தக் கதவைத் தட்டி நுழைந்தவர்கள் அல்லர். 1948 முதல் 2014இல் மறையும் வரை இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்த பாலா தம்பு பாராளுமன்ற ஆசனத்தில் ஒருநாளும் அமரவில்லை. கொழும்பின் கம்பனிகளோ அவருடைய கடிதத்தை ஒரு அமைச்சரின் கடிதத்தை விடக் கவனமாக வாசித்தன என்று சொன்னால் மிகையாகாது.

இன்றைய கணக்கு

1978 அரசியலமைப்பு தொகுதி முறையை எடுத்துவிட்டு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989 பொதுத் தேர்தலில் அது முதன்முறையாகப் பயன்பட்டது. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 ஆசனங்களுக்கு 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து உறுப்பினர் தெரிவாகின்றனர். மீதி 29, நாடு முழுவதும் கட்சிகள் பெற்ற வாக்குகளின்படி பகிரப்படும் தேசியப் பட்டியல் ஆசனங்கள். மாவட்டத்துக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதற்கு 2024 கொழும்பு முடிவே நல்ல உதாரணம். அப்போது கொழும்புக்கு 18 ஆசனங்கள். ஒவ்வொரு கட்சியும் ஆசன எண்ணிக்கையுடன் மூன்றைக் கூட்டி 21 பேரின் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

1. வெட்டுப்புள்ளி: மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்ற அணிகள் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. 2024இல் அந்தக் கோடு ஏறக்குறைய 57,000 வாக்குகளில் இருந்தது. 51,020 வாக்குகள் பெற்ற புதிய ஜனநாயக முன்னணிகூட அதற்குக் கீழே போய்விட்டது.

2. போனஸ் ஆசனம்: முதலிடம் பெற்ற அணிக்கு ஓர் ஆசனம் முதலிலேயே போகிறது. 788,636 வாக்குகள் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு அது சென்றது. மீதி 17.

3. ஓர் ஆசனத்தின் விலை: எஞ்சிய இரு அணிகளின் மொத்த வாக்குகளான 996,885ஐ 17ஆல் வகுத்து, பின்னத்தை மேல் நோக்கி முழு எண்ணாக்கினால் 58,641. தேசிய மக்கள் சக்திக்கு அதில் 13 முழுப் பங்கு. 208,249 வாக்குகள் பெற்ற ஐக்கிய மக்கள் சக்திக்கு 3.

4. மீதி: இன்னும் ஓர் ஆசனம் இருக்கிறது. தேசிய மக்கள் சக்தியின் மீதி வாக்குகள் 26,303. ஐக்கிய மக்கள் சக்தியின் மீதி 32,326. பெரிய மீதிக்கே ஆசனம் என்பதால் இறுதி முடிவு 14க்கு 4.

இப்போது சங்கத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 20,000 உறுப்பினர் கொண்ட ஒரு சங்கம் தனியே சுயேச்சைக் குழுவாக நிற்கிறது என்று கொள்வோம். எல்லா உறுப்பினரும் கொழும்பு மாவட்ட வாக்காளர். எல்லோரும் ஒருவர் தவறாமல் வாக்களிக்கிறார்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து இன்னொரு வாக்கையும் கொண்டுவருகிறார்கள். அப்போதும் 40,000தான். வெட்டுப்புள்ளிக்கே 17,000 குறைகிறது. ஆலைக்குள் 40 சதவீதம் இருந்தால் முதலாளியை மேசைக்கு இழுக்கலாம். மாவட்டத்தில் 5 சதவீதத்தை எட்டாவிட்டால் எண்ணவே மாட்டார்கள்.

வாக்கு இருக்கும் ஊர் வேறு

மேலே உள்ள கற்பனைக் கணக்கில் மிகவும் நம்ப முடியாத பகுதி "எல்லோரும் கொழும்பு மாவட்ட வாக்காளர்" என்பதுதான். காலை ஆறு மணிக்குக் கோட்டையில் வந்து இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி கம்பஹா, களுத்துறை, கேகாலை மாவட்டங்களின் வாக்காளர்கள். அவர்களின் சங்கம் கொழும்பில் இருக்கலாம். வாக்கு ராகமையிலோ பாணந்துறையிலோ இருக்கிறது.

புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் மூட்டை சுமப்பவரை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர்; கொழும்பில் அதே சொல் நாட்டாமி என்று மருவி, முதுகில் வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு லொறிக்கும் கடைக்கும் இடையில் ஓடுபவரைக் குறிக்கிறது. இந்தத் தொழிலிலும், சுற்றியுள்ள கடைகள், சாப்பாட்டுக் கடைகள், வீட்டு வேலைகளிலும் மலையகத்திலிருந்து வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். இரவில் கடை மாடியில் படுக்கிறார்கள். பெயர் இன்னும் ஹட்டனிலோ பூண்டுலோயாவிலோ உள்ள லயன் விலாசத்தில் கிராம உத்தியோகத்தரின் இடாப்பில் இருக்கிறது. கொழும்பில் தமது சம்பளத்துக்காகப் பேச வரும் வேட்பாளருக்கு அவர்களால் கைதட்ட முடியும், வாக்களிக்க முடியாது.

வாக்களிக்க ஊருக்குப் போவதற்கு விதி இல்லாமல் இல்லை. தேர்தல் ஆணைக்குழுவின் அறிவுறுத்தல்படி, வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் இருந்தால் அரைநாள், 40க்கும் 100க்கும் இடையில் ஒரு நாள், 100க்கும் 150க்கும் இடையில் ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று சம்பளத்துடன் கூடிய விடுமுறை தர வேண்டும். நாட்கூலிக்காரருக்கு விடுமுறை என்ற சொல்லே பொருந்தாது என்பதுதான் இடறல். அரச ஊழியருக்கு இருக்கும் தபால் மூல வாக்களிப்பு, தனியார் துறையில் வேலை செய்யும் இவர்களுக்கு இல்லை. ஆகவே தேர்தலுக்கு முதல் நாள் இரவு பஸ்தியான் மாவத்தை பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர், ஒரு நாள் கூலியையும் இரு வழிப் பஸ் கட்டணத்தையும் தன் கையிலிருந்து கொடுத்தே வாக்களிக்கிறார்.

வேட்பாளரின் பக்கமிருந்து பார்த்தாலும் இடம் பெரியது. 15 வாக்களிப்புத் தொகுதிகளும் 17 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளரும் கொண்ட இம்மாவட்டம் மட்டக்குளியில் தொடங்கி அவிசாவளையின் இறப்பர்த் தோட்டங்கள் வரை போகிறது. வேலை முடிந்து மாலையில் மட்டும் பிரசாரத்துக்குப் போகக்கூடிய ஒருவர் இதை ஐந்து வாரத்தில் நடந்து முடிக்க இயலாது.

விருப்பு வாக்கு என்ற இரண்டாவது தேர்தல்

ஆகவே நடைமுறையில் இருப்பது பெரிய கட்சியின் பட்டியல். அங்கே இடம் கிடைத்தால் வெட்டுப்புள்ளிப் பயம் போய்விடும். போட்டி சொந்த அணிக்காரருடன் தொடங்கும்.

வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயர் இல்லை. மேலே கட்சிகளும் சின்னங்களும். அடியில் கட்டம் கட்டமாக இலக்கங்கள் மட்டும். கட்சிக்குப் புள்ளடி இட்ட பிறகு மூன்று இலக்கங்கள் வரை அடையாளமிடலாம். மூன்றுக்கு மேற்பட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போய்விடும். 1988இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக வந்த இந்த ஏற்பாட்டின் விளைவாக, ஒரு தொழிற்சங்கக்காரர் முப்பது ஆண்டுகளில் சேர்த்த பெயர், வாக்காளர் நினைவில் ஒரு இலக்கமாக மாற வேண்டியிருக்கிறது. "நம்பர் என்ன?" என்பதே கொழும்புத் தெருக்களில் வேட்பாளரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி.

2024இல் கொழும்பில் தேசிய மக்கள் சக்தியின் முன்னணி வேட்பாளர் ஹரிணி அமரசூரிய பெற்ற விருப்பு வாக்குகள் 655,289. அவருடைய அணிக்கு வாக்களித்த நூறு பேரில் 83 பேர் அவருடைய இலக்கத்தையும் குறித்திருக்கிறார்கள் என்பது இதன் பொருள். ஒருவருக்கு இருக்கும் மூன்றில் ஒன்று இவ்வாறு தலைவருக்குப் போய்விட, எஞ்சிய இரண்டுக்காக மற்ற இருபது பேரும் போட்டியிடுகிறார்கள். சங்கத்தின் சில ஆயிரம் வாக்குகள் பெறுமதி பெறுவது இந்த இடத்தில்தான். பட்டியலில் பின்தங்கிய ஒருவரை முன்னே தள்ள, ஒழுங்காகச் செயற்படும் ஒரு சங்கக் கிளை வலைப்பின்னல் விளம்பரப் பலகைகளை விட உதவக்கூடும். கொழும்பின் தமிழ் வாக்காளர் இதை நன்கு அறிவார்கள். 2015இலும் 2020இலும் தமிழ் முற்போக்குக் கூட்டணித் தலைவர் மனோ கணேசன் இம்மாவட்டத்தில் தெரிவானதற்குச் செறிவாக இடப்பட்ட விருப்பு வாக்குகளே காரணம். 2024இல் அவர் போட்டியிட்ட ஐக்கிய மக்கள் சக்தியின் ஆசனங்கள் நான்காகச் சுருங்கியபோது அவர் மாவட்டத்தில் தெரிவாகாமல், தேசியப் பட்டியல் வழியாகவே உள்ளே சென்றார்.

தேசியப் பட்டியல், பெரிய சங்கங்கள் கட்சித் தலைமையுடன் தேர்தலுக்கு முன்பே பேரம் பேசும் இடம். அங்கே வாக்காளருக்கு வேலை இல்லை; முடிவு கட்சிச் செயலாளரின் கடிதத்தில் இருக்கிறது. வாக்குறுதி எழுத்தில் இருந்தாலும் அதைக் காப்பாற்றச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை.

யார் நிற்கலாம், பணம் எங்கிருந்து

இதில் மூன்று விடயங்கள் போதும்.

1. அரச சேவையிலும் அரச கூட்டுத்தாபனங்களிலும் குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட அலுவலர் உறுப்பினராகத் தகுதியற்றவர் என்று அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தத் தரம் 1970 நவம்பர் 18ஆம் திகதியில் ஆண்டுக்கு 6,720 அல்லது 7,200 ரூபா ஆரம்பச் சம்பளம் என்ற அளவுகோலால் இன்றும் குறிக்கப்படுகிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய சம்பள அட்டவணையைத் தேடித்தான் ஒருவரின் அரசியல் உரிமையை உறுதி செய்ய வேண்டியிருக்கிறது.

2. நிற்கத் தகுதியுள்ள அரச, கூட்டுத்தாபன ஊழியர் வேட்பாளரான நாள் முதல் தேர்தல் முடியும் வரை விடுமுறையில் இருப்பதாக 102ஆம் உறுப்புரை கருதுகிறது. தனியார் கம்பனி ஊழியருக்கு இந்தக் காப்பு இல்லை.

3. சங்கத்தின் பொது நிதியைத் தேர்தலுக்கு அள்ளிவிட முடியாது. உறுப்பினர் விரும்பித் தரும் பணத்தில் தனியான அரசியல் நிதி ஒன்று வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவு விவரத்தை ஒப்படைக்க வேண்டும். உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணத்துக்கும் கணக்கு எழுத வேண்டும் என்பதைச் சிறிய வேட்பாளர்கள்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே போன பிறகு

சங்கத்தின் ஆள் ஆசனத்தில் அமர்ந்ததும் சம்பளத்தை உயர்த்தும் சட்டமூலத்தைக் கொண்டுவருவார் என்று உறுப்பினர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. 152ஆம் உறுப்புரை அதற்கு இடம் தருவதில்லை. திரட்டு நிதியிலிருந்து (அரசின் பொதுப் பணத்திலிருந்து) பணம் செலவாகும் சட்டமூலத்தையோ, வரியைக் கூட்டிக் குறைக்கும் சட்டமூலத்தையோ, அமைச்சரவை அங்கீகாரத்துடன் ஓர் அமைச்சர் மட்டுமே சமர்ப்பிக்கலாம். சாதாரண உறுப்பினர் கேள்வி கேட்கலாம், ஒத்திவைப்புப் பிரேரணையில் பேசலாம், குழுக்களில் ஆவணங்களைக் கோரலாம், தனிநபர் சட்டமூலம் கொண்டுவரலாம். இவை அற்பமானவை அல்ல. சேமலாப நிதியின் கணக்கைக் குழுவில் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்கத் தெரிந்த ஒருவர், வாசலில் கோஷமிடும் ஆயிரம் பேரைவிட அதிகாரிகளுக்குச் சங்கடம் தருவார். ஆனால் ஆட்சியில் இருப்பது தன் கட்சியாக இருந்தால் அந்தக் கேள்வியை அவர் கேட்பாரா என்பதே சங்கடம்.

இங்கேதான் 99ஆம் உறுப்புரையின் 13ஆம் பிரிவு வருகிறது. எந்தப் பட்டியலில் தெரிவானாரோ அந்தக் கட்சியிலிருந்து ஒருவர் விலகினாலோ விலக்கப்பட்டாலோ, ஒரு மாதத்தில் ஆசனம் வெற்றிடமாகும். வெளியேற்றம் செல்லாது என்று அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து வெல்வதே அவருக்குள்ள ஒரே வழி. இடைத்தேர்தல் கிடையாது. தன்னைத் தெரிவு செய்த தொழிலாளரிடம் திரும்பிப் போய் "நான் செய்தது சரியா?" என்று கேட்க அவருக்குச் சந்தர்ப்பமே இல்லை, மாவட்டப் பட்டியலில் விருப்பு வாக்குகளால் அவருக்கு அடுத்து நின்றவர், தேர்தல் இரவில் தோற்றுப்போய் வீட்டுக்குப் போனவர், அந்த ஆசனத்துக்கு அழைக்கப்படுவார்.